நானும் அந்தப் பக்கம்தான்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கண்ணை நம்ப முடியாமல் இடது கண்ணை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடித்ததும் சித்தியின் மகள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

முதலில் பொய் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கண்டி ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குச் சித்தியோடு போய் வந்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய்தான். அவளுக்கு வாய் நிற்காது, உளறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்ட சத்தம் லயத்தில் நாலு வீட்டுக் காம்பரா தாண்டிக் கேட்டிருக்கும். "தனியாவா போன, உனக்கு அறிவிருக்கா" என்று கேட்டாய். அறிவு இருந்ததால்தான் தனியாகப் போனேன். சித்தி கூட வந்திருந்தால் அவளுக்குத் தோட்டத்தில் ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம், போயிருக்கும். நாளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்காக 2021 வரைக்கும் கத்திக் கிடந்த ஆட்கள் நாங்கள். ஒரு நாள் பேர் என்றால் என்னவென்று தேயிலைக் கொழுந்துக் கூடையில் தூங்கி வளர்ந்த உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் முழங்காலோ காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களம் வரை போய் வருவதற்கே அழுகிறது.

சரி, கோபம் ஆறியிருந்தால் மிச்சத்தைப் படி. அந்த ஒரு நாளில் நடந்ததைப் போனில் சொல்ல விடாமல் வைத்துவிட்டாய்.

நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு வந்து கண்டி பஸ் ஏறும்போதே சனம் நிறைந்திருந்தது. கினிகத்தேனை வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடியபடி நின்றேன். ஒரு சிங்களப் பையன், உன் வயதுதான் இருக்கும், எழுந்து, "வாடிவென்ன அம்மே, மங் தென் பஹினவா" என்றான். இப்போதே இறங்கப் போகிறானாம். சரி என்று உட்கார்ந்தேன். நாவலப்பிட்டி வந்தது, இறங்கவில்லை. கம்பளை வந்தது, இறங்கவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கும் நேரமெல்லாம் வெளியே எதையோ தேடுகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் பேராதனையில்தான் இறங்கினான். அவ்வளவு தூரமும் நின்றுகொண்டே வந்திருக்கிறான், கள்ளன்.

அவனைப் பார்த்தபோது உன் பருப்புக்கறி ஞாபகம் வந்தது. நீ ஆறாம் வகுப்புக்கு ஹட்டனுக்குப் போகத் தொடங்கிய வருஷம். நம் பக்கத்து பஸ்களில்தான் தெரியுமே, பள்ளிக்கூடப் பிள்ளை நின்றுகொண்டு வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டிப் புத்தகப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். யார் வீட்டுப் பிள்ளை, தமிழா சிங்களமா, எதுவும் கேட்பதில்லை. இறங்கும்போது பை தானாகத் திரும்பி வரும். உன் பை எத்தனை பேர் மடியில் ஊர் போயிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அன்றைக்கு மூடி சரியாகப் பூட்டாத டப்பாவிலிருந்து பருப்பு ஒழுகி, ஒரு அம்மாவின் சேலை முழுக்க மஞ்சள். கையில் பரிசுப் பொதி, தலையில் பூ, கல்யாண வீட்டுக்குத்தான் போயிருப்பாள். நீ அழ ஆரம்பித்ததும் அவள் உன் தலையைத் தடவி, "இது பழைய சேலைதான் மகன், வீட்டுல கட்டுறது" என்றாளாம். நீயும் அதை அப்படியே நம்பி வந்து என்னிடம் சொன்னாய். வீட்டில் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு யாராவது கல்யாணத்துக்குப் போவார்களா? உனக்கு இப்போது இருபத்தெட்டு வயது, அதனால் சொல்கிறேன். அது புதுச் சேலை.

இப்படிப் பொய் சொல்பவர்களை ஒரே இடத்தில் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் சிவனொளிபாதமலைக்குப் போக வேண்டும். சிங்களவர்கள் ஸ்ரீபாதம் என்கிறார்கள், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். பெயர்தான் வேறு வேறு, கால் வலி எல்லாருக்கும் ஒன்றுதான். 7,359 அடி. நீ பிறப்பதற்கு முன் நானும் அப்பாவும் சீசனில் நல்லதண்ணிப் பக்கமாக இரவில் ஏறினோம். பாதியிலேயே எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "தவ டிக்கய், தவ டிக்கய்." இன்னும் கொஞ்சம்தானாம். அரை மணி நேரம் ஏறிவிட்டு வேறொருவரைக் கேட்டால் அதே பதில். ஒரு கிழவி என்னைப் படியில் உட்கார வைத்துத் தன் சித்தாலேபப் போத்தலைத் திறந்து முழங்காலில் தேய்த்துவிட்டு, அவளும் இன்னும் கொஞ்சம்தான் என்றாள். அந்தக் கொஞ்சம் விடியும் வரைக்கும் போயிற்று. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே திரும்பியிருப்பேன். இறங்கி வரும்போது ஏறுகிற ஒரு பிள்ளைத்தாய்ச்சி என்னிடம் கேட்டாள். என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்?

2022 இல் பால்மாவுக்கு நாடே அலைந்தபோது சித்தியின் கடைசிப் பிள்ளைக்கு ஒரு பக்கெட் தேடி ஹட்டன் முழுக்க நடந்தேன். அறிமுகமே இல்லாத ஒரு கடைக்காரர் மேசைக்குக் கீழேயிருந்து எடுத்துத் தந்து, "இது பழைய விலைச் சரக்கு" என்று பழைய விலையையே வாங்கினார். எந்தக் கடையில் அந்த நேரம் பழைய சரக்கு இருந்தது? அப்புறம் உன் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்காக ஒரு கந்தோருக்குப் போனேனே, அங்கே படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் சட்டத்தில் எழுதினார்கள். அந்தச் சட்டம் அந்த ஜன்னலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வரிசையில் நின்ற ஒரு சிங்களப் பள்ளிக்கூடப் பிள்ளை படிவத்தை வாங்கிக்கொண்டு, தனக்குத் தமிழ் பேசிப் பழக வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். அவள் பேசிய தமிழுக்கு அந்தப் பழக்கம் கட்டாயம் தேவை, அதனால் அதைப் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி கிளினிக். கண்புரை என்றார்கள். வேறு லென்ஸ் வைத்தால் சரியாகிவிடுமாம், தேதியும் தந்திருக்கிறார்கள். இதுதான் நீ கேட்க வேண்டிய செய்தி, இதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது சோதிப்பதற்கு விட்ட சொட்டு மருந்துதான். கண்மணியை விரிக்கிற மருந்து. சில மணித்தியாலத்துக்கு எல்லாம் மங்கல்தான் என்று தாதி சொன்னார், துணைக்கு ஆள் இருக்கிறதா என்றும் கேட்டார். வெளியில் நிற்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், இன்னொரு பொய்.

வெளியே வந்தால் நல்ல மழை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, பஸ் போர்டில் இருப்பது ஹட்டனா ஹரகமவா என்று தெரியவில்லை. வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பக்கத்தில் ஒரு பெண் குரல். "எங்கம்மா போகணும்?" பேச்சை வைத்துப் பார்த்தால் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளையாக இருக்க வேண்டும். ஹட்டன் பஸ் என்றேன். "நானும் அந்தப் பக்கம்தான் போற, வாங்க" என்று குடையை விரித்து என் கையைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டாள். கால் மணி நேர நடை. படி வந்தால் "படி" என்பாள், தண்ணீர் வந்தால் "தண்ணி" என்பாள், மற்றபடி பேச்சில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் அவளுக்குப் போன் வந்தது. "இல்ல உம்மா, மருந்து இன்னும் எடுக்கல்ல, நம்பர் வாரத்துக்குள்ள திரும்பிப் போயிருவன்" என்றாள். ஆஸ்பத்திரி வரிசையை விட்டுவிட்டு என்னோடு வந்திருக்கிறாள். அந்தப் பக்கமாவது, இந்தப் பக்கமாவது!

கண்டக்டரிடம் சொல்லி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பஸ் கிளம்பும் நேரம் ஜன்னல் வழியாகக் குடையை என் மடியில் போட்டு, "எனக்கு வேற இருக்கு" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அந்த மழையில் அவளிடம் வேறு குடை எங்கே இருந்தது?

நீ நினைக்கிற மாதிரி நான் வெகுளி இல்லை, மகன். பணத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன், கைப்பையின் வாரையும் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். வழியில் ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நினைத்துத்தான் ஒரு தடவை ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் கைக்குழந்தையோடு பஸ் காசு கேட்டு நின்ற ஒருத்தியைப் பார்க்காதது மாதிரி தாண்டி வந்தேன். கேட்டது நூறு ரூபாய். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன், அவள் கேட்பதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தாள், டிக்கோயா ரோட்டில், குழந்தையைத் துண்டால் மூடிக்கொண்டு. கண் தெரியாமல் பஸ்ஸில் வந்த அந்த மூன்று மணித்தியாலமும் அவள்தான் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தாள். இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஆப்பரேஷன் அன்றைக்குச் சித்தி நிஜமாகவே வருவாள், லீவு சொல்லிவிட்டாள். நீ அதற்கென்று தனியாகப் பணம் போடாதே, அரசாங்க ஆஸ்பத்திரிதான். அதற்கு முன் அடுத்த மாதம் இன்னொரு கிளினிக் இருக்கிறது, அதற்கு நான் தனியாகத்தான் போவேன், சத்தம் போடாதே.

குடையைக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பச்சைக் குடை, ஒரு கம்பி வளைந்தது, பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால், அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அதனால் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு மழை இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி வாசலில் இதை விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அன்புடன்,
அம்மா