நம்ம பாரதி குறும்படத்துக்கு உழைச்ச எல்லாருக்கும் நன்றி

ஒருவழியா படம் முடிஞ்சு போன ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில வெள்ளை வேட்டிய இழுத்துக் கட்டி போட்டுக் காட்டியாச்சு. 28 நிமிஷம், நடுவுல ஒரு தடவ கரண்ட் வேற போச்சு. பேர் போடாதன்னு பாதி பேர் சொல்லிட்டீங்க, பரவால்ல, படிச்சா யாருன்னு உங்களுக்கே தெரியும்.

மொத நன்றி மேக்கப் அக்காவுக்கு. புதுச்சேரியில பாரதி பூணூல் போட்டு விட்ட தலித் பையன் கனகலிங்கம், அந்த வேஷத்துக்கு என் ஃப்ரெண்டு ஒருத்தன முடிவு பண்ணி, அவன் சிவப்பா இருக்கான், கொஞ்சம் கருப்படிச்சு விடுங்கன்னு அக்காகிட்ட சொன்னவன் நான்தான், இப்ப நெனச்சாலே கூசுது. அக்கா பெட்டிய மூடி வெச்சுட்டு "ஏன் தம்பி, அந்தக் கலர்ல ஆளே இல்லியா உங்க ஊர்ல?"ன்னு கேட்டாங்க. 2000ல வந்த ஞான ராஜசேகரனோட பாரதி படத்துல மராத்திக்காரர் சாயாஜி ஷிண்டே நடிச்சு நாம ஏத்துக்கலயா, அதே மாதிரிதானேன்னு நான் வாதாடிப் பாத்தேன். அது வேற இது வேறன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆச்சு.

அப்புறம் அந்த வேஷத்துக்கு வந்தவன்தான் நம்ம பெயிண்டிங் வேலை பாக்குற தம்பி. கனகலிங்கம் பின்னாடி பாரதிய குருநாதர்னு சொல்லி புத்தகமே எழுதினவர். என் ஸ்கிரிப்ட்ல அவருக்கு ஒரு வரி வசனம் கெடையாது. தம்பி படிச்சுட்டு "அண்ணே, பூணூல் போட்டதும் நான் என்ன பண்றேன்?"ன்னான். ஒண்ணும் இல்லடா, அங்க கட், அடுத்து பாரதி பாட்டுன்னேன். அவன் எதுவும் சொல்லல, சும்மா என்னையே பாத்தான். யாராச்சும் கேட்டா பாரதி போட்டார்னு சொல்லுன்னு அவர் சொல்லி அனுப்பினது நமக்குத் தெரிஞ்ச கதைதான், அதையே சீனா ஆக்கினோம். தோள்ல துண்டப் போத்தி நூல மறைச்சுக்கிட்டு தெருவுல நடக்குறான், முக்கு திரும்புற எடத்துல துண்ட எடுத்து கையில வெச்சுக்குறான். அது ஸ்கிரிப்ட்ல இல்ல, அவனா பண்ணினது, கேமரா புடிச்ச பையன் கட் சொல்லவே மறந்துட்டான்.

பூணூல் போட்டு ஒருத்தன ஒசத்துறதுக்குப் பதிலா எல்லாரையும் கழட்டச் சொல்லலாமேன்னு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சண்ட போட்ட அண்ணனுக்கும் நன்றி. உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, அதனால படத்துல டீக்கடைப் பெரியவர் வாயில அப்படியே வெச்சுட்டேன்.

செல்லம்மா வேஷம் போட்ட மெஸ் அக்கா, நீங்க இல்லன்னா படம் அழுவாச்சியா போயிருக்கும். சமைக்க வெச்சிருந்த அரிசிய பாரதி குருவிக்குப் போட்ட கதைல நான் எழுதினது பாரதி சிரிக்கிறாரு, செல்லம்மா கண்ண கசக்குறாங்க, அவ்ளோதான். "அந்த அரிசிய கடன் வாங்கிட்டு வந்தது யாரு, அதக் காட்டு மொதல்ல"ன்னு நீங்க சொன்னப்புறம்தான் பக்கத்து வீட்டு வாசல்ல கையில மொறத்தோட நிக்கிற சீன் வந்துச்சு. 1897ல கல்யாணம் ஆகும்போது செல்லம்மாவுக்கு ஏழு வயசு, 1921ல பாரதி போய்ட்டார், அதுக்கப்புறம் பாரதி ஆச்ரமம்னு ஆரம்பிச்சு அவர் பாட்ட அச்சுல கொண்டு வந்தவங்க செல்லம்மா. கடைசி ரெண்டு நிமிஷத்த அவங்களுக்கே குடுத்தது உங்க ஐடியாதான், அதுல எனக்கு பங்கு இல்ல.

பூணூல் சீன்னு கேட்டதும் அட்வான்ஸ திருப்பிக் குடுத்த மண்டபத்துக்காரரப் பத்தி பேச வேணாம். ஆனா சாயங்காலமே "என் வீட்டு முத்தத்துல எடுத்துக்கப்பா"ன்னு சாவியக் குடுத்த பாட்டிக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. சாணி மெழுகினது, மூணு நாள் எல்லாருக்கும் மோர் குடுத்தது எல்லாம் உங்க கணக்குதான்.

லைட் தந்த கல்யாண ஃபோட்டோகிராஃபர், வேட்டி அஞ்சு தச்ச டெய்லர் மாமா, ரெண்டு பேருக்கும் பாக்கி அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடுறேன்.

அப்புறம் ரெண்டு பித்தளச் செம்பு இன்னும் என்கிட்டதான் இருக்கு. ஒண்ணுல அடியில "க"ன்னு வெட்டியிருக்கு. யாரோடதுன்னு சொன்னா நானே கொண்டு வந்து குடுத்துடுறேன்.