பத்து நிமிடப் படத்தைப் பத்து நிமிடமும் பாருங்கள்

இளம் படைப்பாளிகளுக்கான தேசியக் குறும்படப் போட்டியை நடத்துகிறவர்களுக்கும், முதற்கட்டத் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மின்னஞ்சல் வந்தது. தேர்வாகவில்லையே என்ற ஆதங்கத்தில் இதை எழுதவில்லை. போட்டி என்றால் பெரும்பாலோர் வெளியே நிற்கத்தான் வேண்டும். என்னிடம் படத்தொகுப்பு கற்கும் பிள்ளைகளுக்கும் அது தெரியும். படத்தை முழுதாகப் பார்க்காமலே முடிவு சொல்லியிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டபடி படங்களைக் விமியோ என்ற காணொளித் தளத்தில் ஏற்றி, கடவுச்சொல் போட்ட இணைப்பாகத்தான் அனுப்பினோம். படம் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு ஏற்றியவருக்குத் தெரியும். ஒரு மாணவியின் படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்பது நிமிடப் படம். ஒரே ஒரு முறை ஓடியிருக்கிறது, அதுவும் 1 நிமிடம் 10 நொடி. பதிவிறக்கும் வசதியை மூடி வைக்க வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். ஆகவே வேறு வழியில் பார்த்தோம் என்று சொல்லவும் இடமில்லை.

நிராகரிப்புக்கு நீங்கள் எழுதிய காரணம்: 'ஒலி தெளிவாக இல்லை.'

அந்தப் படம் காது மந்தமாகிவிட்ட ஒரு தாத்தாவைப் பற்றியது. முதல் ஒன்றரை நிமிடம் அவர் காதுக்குக் கேட்பதுதான் நமக்கும் கேட்கும். வயதானால் முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற கூர்மையான சத்தங்கள். அதனால் அந்தப் பெண் ஒலிப்பதிவில் அவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்தாள். கடிகார முள்ளின் சத்தம் போனது, கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம் போனது, பேத்தியின் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல ஆனது. எவ்வளவு குறைத்தால் பார்ப்பவர் தவிப்பார், எவ்வளவு குறைத்தால் எழுந்து போய்விடுவார் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தவள் அவள். 1 நிமிடம் 34ஆவது நொடியில் பேத்தி அவருக்குக் காது மெஷினை மாட்டிவிடுகிறாள். ஒலி முழுவதும் திறக்கிறது. படமே அங்குதான் தொடங்குகிறது. நீங்கள் அதற்கு 24 நொடி முன்னால் நிறுத்திவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையின் அடியில் வசன வரிகள் (சப்டைட்டில்) கட்டாயம் என்றீர்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது, வரிக்கு 42 எழுத்துக்கு மேல் கூடாது என்றீர்கள். நியாயமான விதிகள்தான், குறை சொல்லவில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு வசனத்தையும் சுருக்கி, அர்த்தம் கெடாமல் திரும்ப எழுதி, உதட்டசைவோடு நேரம் பொருத்தினார்கள். அந்தப் படத்தில் முதல் வசன வரி வருவது காது மெஷின் மாட்டிய பிறகு. அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூட உங்களில் யாரும் படிக்கவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேன்ஸ் விழாவில் குறும்படத்துக்கு 15 நிமிடம் வரை இடம் உண்டு. ஆஸ்கரில் 40 நிமிடம் வரை. நீங்கள் 10 என்றீர்கள். சரி, ஏற்றுக்கொண்டோம். நல்ல காட்சிகளையும் வெட்டிப் பத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தையாவது நீங்கள் தருவீர்கள் என்று நம்பித்தான் வெட்டினார்கள்.

படங்கள் நிறைய வருகின்றன, ஆள் போதாது என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் படம், எல்லாமே பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10,000 நிமிடம், ஏறக்குறைய 167 மணி நேரம். ஒரு படத்தை மூன்று பேர் பார்த்தாலும் 500 மணி நேரம்தான். இருபது பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு 25 மணி நேரம். ஒரு வாரத்தில், நாளுக்கு நாலு மணி நேரம்கூட வேண்டாம். திரைப்படக் கல்லூரி மாணவர்களைக் கேட்டால் ஆசையாக வந்து பார்த்துக் கொடுப்பார்கள். அதுவும் முடியாதென்றால் எத்தனை படம் பார்க்க முடியுமோ அத்தனையோடு விண்ணப்பத்தை நிறுத்திவிடுங்கள். நுழைவுக் கட்டணத்தை எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு பார்வையைச் சிலருக்கு மட்டும் கொடுப்பது முறையல்ல.

விருது மேடைக்கு வரும் நட்சத்திரங்களின் பெயர்களை மாதக்கணக்காக விளம்பரம் செய்கிறீர்கள். முதற்கட்டத்தில் படம் பார்ப்பவர்கள் யார் என்று ஒரு வரி கிடையாது. எங்கள் பிள்ளைகளின் படம் உள்ளே போகுமா வெளியே போகுமா என்று முடிவு செய்வது அவர்கள்தானே? முதல் சில நொடிகளில் பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடும் பழக்கம் கைபேசியில் எல்லோருக்கும் வந்துவிட்டது. தேர்வுக் குழுவுக்கும் அது வந்துவிட்டால், மெதுவாகத் தொடங்கும் படத்தை இனி எந்தப் பிள்ளையும் எடுக்கத் துணியாது. எனக்குப் பெரிய கவலை அதுதான். 'அடுத்த வருஷம் முதல் ஷாட்லயே யாராவது கத்தணும் சார்' என்று ஒரு பையன் இப்போதே சொல்கிறான்.

கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பணிவாகவே கேட்கிறேன். வரும் படம் ஒவ்வொன்றையும் முழுதாகப் பாருங்கள். பார்ப்பவர்களின் பெயர்களை வெளியிடுங்கள். இந்த ஆண்டு பாதியில் நிறுத்திய படங்களை, இறுதிப் பட்டியலை அறிவிக்கும் முன் இன்னொரு முறை ஓடவிடுங்கள். அந்த மாணவியின் இணைப்பும் கடவுச்சொல்லும் மாறவில்லை. முழுதும் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் அவளும் நானும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பு ஆசிரியர்