கலந்தாய்வுக்கு முன்பே முடிந்துவிடும் தேர்வு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வில் கணினி சார்ந்த பாடப்பிரிவுகள் முந்தி நிரம்புவதும், சிவில், மெக்கானிக்கல் இடங்கள் தேங்குவதும் செய்தியாகும்போதெல்லாம், வேலைவாய்ப்பைக் கணக்கிட்டே மாணவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காரணம் சொல்லப்படுகிறது. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அது பாதிக் காரணமாகவே தோன்றுகிறது.

பெரும்பாலான முடிவு பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் 500க்கு 460 வாங்கிய பிள்ளை வணிகவியல் கேட்டால், விண்ணப்பத்தை வாங்கும் ஆசிரியரே, "இந்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப்பே கிடைக்குமே" என்று கணிதம், இயற்பியல், வேதியியல் அடங்கிய பிரிவைக் காட்டுகிறார். உடன் வந்த தந்தையும் தலையாட்ட, பதினைந்து வயதுப் பிள்ளை அதற்குமேல் வாய் திறப்பதில்லை. மதிப்பெண்ணைக் கையிருப்புப் பணமாகவும், அதற்கு எட்டுகிற மிக விலையுயர்ந்த பொருளை வாங்காவிட்டால் நட்டமென்றும் நாம் நினைக்கிறோம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குப் போடப்படும் கட்-ஆஃப் இந்த நினைப்பை இன்னும் இறுக்குகிறது. சென்ற ஆண்டு எது உயர்ந்த கட்-ஆஃபில் முடிந்ததோ அதுவே நல்ல படிப்பு என்றாகிவிட, அதில் நான்காண்டுகள் என்ன படிக்க வேண்டியிருக்கும் என்று எவரும் விசாரிப்பதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வடிகட்டலும் உண்டு. பிரவுசிங் சென்டரில் விருப்பப் பட்டியலைப் பதிவுசெய்ய வரும் குடும்பம் முதலில் கேட்பது, கல்லூரிப் பேருந்து நம் ஊருக்கு வருமா என்பதைத்தான். சிவில் வேண்டுமென்று எழுதிவந்த என் மாணவி ஒருத்தியின் தாளில், "வெயில்ல சைட்ல நின்னு வேலை வாங்குவியா?" என்று கேட்டபடியே அவளுடைய மாமா வரிசையை மாற்றியதை அருகிலிருந்து பார்த்தேன்.

இதற்காகப் பெற்றோரைப் பழிப்பது நியாயமாகாது. முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு, ஐ.டி. நிறுவனத்தில் சேர்ந்து வீடு கட்டிய பக்கத்துத் தெருப் பையன்தான் கண்ணுக்குத் தெரியும் ஒரே சான்று.

பிளஸ் டூ முடித்தோருக்காக அரசு 2022இல் தொடங்கிய 'கல்லூரிக் கனவு' வழிகாட்டல் பயனுள்ளதே. அதே முனைப்பைப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்கும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடைப்பட்ட நாட்களில், பெற்றோரையும் அழைத்து அமரவைத்துக் காட்ட வேண்டும். தங்கள் இதழும் கட்-ஆஃப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு துறையிலும் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவர்களைத் தம் பாடங்களைப் பற்றி எழுதச் செய்து, அவற்றை மே மாதத்துக்குள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.