மார்ச் 22 கிராம சபைக்கு முன்னாடி ₹22,650 வேணும்: ஏரிக் கமிட்டி வேண்டுகோள்

கன்னிமார் துணை. ஊர் மக்களுக்கு வணக்கம்.

தண்ணீர் தின கிராம சபைக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு, கைல பணம் பத்தல. 2023 ஏப்ரல் 21-ல சட்டசபைல நிறைவேத்துன நில ஒருங்கிணைப்புச் சட்டத்த திரும்ப வாங்கச் சொல்லி, நம்ம ஏரிச் சங்கிலில இருக்குற ஏழு ஊர்லயும் ஒரே நாள்ல தீர்மானம் போடப் போறோம்.

அது என்ன சட்டம்னு டீக்கடைல இன்னும் கேக்குறாங்க. 100 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 247 ஏக்கருக்குக் குறையாத இடத்துல வர்றத அரசு சிறப்புத் திட்டம்னு அறிவிச்சா, உள்ள மாட்டுற ஏரி, ஓடை, வாய்க்கால் நிலத்தையும் சேத்து மாத்தி அமைக்கலாம். கொள்ளளவு குறையாதுங்குறாங்க. ஏரி என்ன அண்டாவா, இங்கேருந்து தூக்கி அங்க வைக்க? மேல ஏரி நெறஞ்சு, மிச்சத் தண்ணி போற கலங்கல் வழிஞ்சாத்தான் நமக்குத் தண்ணி, நமக்கு வழிஞ்சாத்தான் கீழ ஊருக்கு.

வேடந்தாங்கல்காரங்க 1798-லயே, பறவைய சிப்பாய்ங்க சுடுறாங்கனு கலெக்டர்கிட்ட போய் நின்னு எழுத்துல உத்தரவு வாங்குனாங்க, எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்கு யாரு பாடம் எடுத்தா? நம்ம மதகுத் தூண்ல மூணு கோடு வெட்டிருக்கே, ரெண்டாவது கோட்டுக்குக் கீழ தண்ணி இறங்கிட்டா எவ்ளோ பெரிய மிராசு வந்து கேட்டாலும் வயலுக்குத் தண்ணி பிரிச்சு விடுற நீர்க்கட்டி மடை தெறக்க மாட்டாரு, அந்தக் கத சொல்றப்ப பெரியவங்க முகத்தப் பாக்கணும். இன்னொரு பக்கம் மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு. ரோடு மட்டும்தான் இருக்கு.

கணக்கு: நோட்டீஸ் 11,000, மைக் செட் ஆட்டோ 9,000, ரெக்கார்டு நகல், டைப்பிங் 14,000, கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போக வேன் மூணுக்கு 30,000. ஆக 64,000. வந்தது 41,350. வக்கீல் தம்பி ஃபீஸே வேணாம்னுட்டாரு.

போன வருஷம் ஷட்டர் ரிப்பேருக்குக் குடுத்தவங்கள மறக்கவே மாட்டோம். துபாய்ல இருக்குற நம்ம பசங்க, ஒரு நாள் வியாபாரத்த அப்படியே குடுத்த பூக்கார அக்கா, நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க ஆளுக்கு இருபது முப்பதுனு முந்தானைல முடிஞ்சு கொண்டாந்தது, ரசீது வேணாம்னு சொல்லியும் அவங்க பேர எல்லாம் நோட்டுல எழுதிதான் வச்சிருக்கோம். அதே ஆயக்கட்டுல, அதான் ஏரித் தண்ணி பாயுற நிலத்துல, அஞ்சு ஏக்கர் வச்சுக்கிட்டு, மாடிமேல மாடி கட்டிட்டு, கமிட்டி ஆளுங்க வந்தா உள்ள டிவி சத்தத்த கூட்டுறவங்க பேரும் எங்களுக்குத் தெரியும், எழுதல, அவ்ளோதான்.

ஆயக்கட்டுதாரர் ஏக்கருக்கு 200, மத்தவங்க இஷ்டப்பட்டது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிலேருந்து கரைமேல கன்னிமார் கோயில் வாசல்ல ரசீது புக்கோட உக்காந்திருப்போம். பணம் இல்லாதவங்க கையெழுத்துப் போட வாங்க, ஆதார் நகல் ஒண்ணு எடுத்துட்டு வந்தா போதும்.