இ.பி.ஆர். கேவிட்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

காந்தப்புலத்தில் வைத்த பொருளின் இணையில்லா எலக்ட்ரான்கள் மைக்ரோவேவை உறிஞ்சுவதை அளப்பதுதான் இ.பி.ஆர்.; மாதிரியை உள்ளே வைக்கும், மைக்ரோவேவ் ஒத்ததிரும் உலோகப் பெட்டிதான் கேவிட்டி. எங்கள் எக்ஸ்-பேண்ட் (10 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய மைக்ரோவேவ் பட்டை) இ.பி.ஆர். கருவியில் 9.5 கிகாஹெர்ட்ஸில், சோதனைக்கு வைக்கும் டி.பி.பி.எச். தூளின் உறிஞ்சல் கோடு 339 மில்லிடெஸ்லா அருகே விழுகிறது, அடிக்கோடு (சிக்னல் இல்லாத இடத்தின் மட்டம்) வளையாமல். அதற்கு உழைத்தவர்களுக்கு இந்த மடல்.

முதலில் லேத் பட்டறை அண்ணனுக்கு. 22.86 × 10.16 மி.மீ. உள்ளளவு வேவ்கைடில் (மைக்ரோவேவைக் கடத்தும் உலோகக் குழாய்) கேவிட்டி நீளம் 43.6 மி.மீ. அதில் 0.1 மி.மீ. கூடினாலே அதிர்வெண் 11 மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடும். கியூ (ஒத்ததிர்வின் கூர்மை) 5,000 உள்ள கேவிட்டிக்குப் பட்டை அகலமே 2 மெகாஹெர்ட்ஸுக்குள்தான். மைக்ரோவேவ் கேவிட்டிக்குள் நுழையும் ஐரிஸ் துளையைச் சிறியதாகப் போட்டு, தடவைக்கு 0.1 மி.மீ. மட்டும் விரித்து, பிரதிபலிப்பை அளக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பெரிதான துளையைச் சுருக்க முடியாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காந்தப்புலத்தைச் சிறிதளவு வேகமாக ஆட்டும் மாடுலேஷன் சுருள் கேவிட்டிக்கு வெளியே இருக்கிறது. மைக்ரோவேவ் சுவருக்குள் ஒரு மைக்ரான் அளவுகூட இறங்காது. ஆனால் 100 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலம் சுவரைத் தாண்டி மாதிரியை எட்டியாக வேண்டும். கனத்த பித்தளை அதைத் தடுத்துவிடும். அதனால் சுவரில் மெல்லிய பிளவுகள். மைக்ரோவேவ் மின்னோட்டம் ஓடும் வாக்கிலேயே பட்டறை அண்ணன் அவற்றை வெட்டித் தந்தார். குறுக்கே வெட்டியிருந்தால் கியூ சரிந்திருக்கும்.

பிளேட்டிங் கடைக்காரருக்குத் தனி நன்றி. பித்தளையில் வெள்ளி ஏற்றுமுன் நிக்கல் அடிப்பூச்சு கொடுப்பது கடைகளில் வழக்கம். இ.பி.ஆருக்கு அதுதான் விஷம்: நிக்கல் இரும்பைப்போலக் காந்தமாகும் உலோகம், புலத்தை நகர்த்தும்போது அடிக்கோடு முழுவதும் அகலமாக வளையும். பின்னால் எந்தக் கணக்குப் போட்டாலும் அதை முழுதாகக் கழிக்க முடியாது. அவர் தொட்டியையே மாற்றி, செம்பு அடிப்பூச்சின்மேல் 5 மைக்ரான் வெள்ளி ஏற்றினார். பளபளப்பு மருந்து வெள்ளியின் கடத்தலைக் குறைக்கும் என்றதும் அதையும் விட்டுவிட்டார். மங்கலாகத்தான் இருக்கிறது, எங்களுக்கு அழகு அதுவே.

குவார்ட்ஸ் குழாய் ஊதித் தந்தவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் அதிலுள்ள இரும்பு 158 மில்லிடெஸ்லா அருகே தன் கோட்டைப் போட்டிருக்கும். தண்ணீர் மாதிரிகளுக்கு அவர் செய்த தட்டைக் கலம் 0.3 மி.மீ. தடிமன், மின்புலம் பூஜ்ஜியமாகும் தளத்தில் சரியாக நிற்கிறது.

மைக்ரோவேவை ஒரே திசையில் திருப்பிவிடும் சர்குலேட்டரைக் காந்தத்திலிருந்து தள்ளி வைக்கச் சொன்ன, மைக்ரோவேவை உணரும் டயோடின் மின்னோட்டத்தை 200 மைக்ரோஆம்பியரில் நிறுத்திக் காட்டிய எலக்ட்ரானிக்ஸ் தோழிக்கும் நன்றி.

இதே கேவிட்டியைச் செய்யப் போகிறவர்களுக்கு: "நிக்கல் கூடாது" என்பதை வேலைச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

நன்றியுடன்,
கருவி வடிவமைப்புக் குழுவினர்