எயார் பேக் லைட்ட நூக்கச் சொல்லிக் கேக்கிற ஆக்களுக்கு

களுவாஞ்சிகுடியில எங்கட கராஜுக்கு வந்து போற எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இப்ப ஜப்பான் வாகனம் கூடினதோட "மீட்டர்ல எரியிற எயார் பேக் லைட்ட மட்டும் நூத்து விடுங்க தம்பி, வண்டி நல்லாத்தானே ஓடுது" எண்டு கேக்கிற ஆக்களும் கூடிட்டாங்க. பிழையத் திருத்தாம லைட்ட மட்டும் நூக்கிற வேலைய நாங்க இனிச் செய்யமாட்டம். அந்த லைட் எரிஞ்சா சிஸ்டத்தில எங்கயோ பிழை, அடிபடக்குள்ள பை விரியாமலே போகலாம், வீல் பூட்டாமப் பாக்கிற ஏபிஎஸ்ஸுட லைட்டும் அப்பிடித்தான், பிரேக் பிடிக்கும் ஆனா சடார் எண்டு அமத்தினா வீல் பூட்டி வண்டி இழுத்துட்டுப் போகும். பை விரியிறது கண்ண மூடித் திறக்கிறதுக்கும் முதல், அவ்வளவு வேகம். அதனாலதான் டாஷ்போர்டுல பை இருக்கிற மூடிக்கு மேல பிள்ளையார் சிலை, சென்ட் போத்தல் ஒண்டும் ஒட்டாதீங்க, அது நேரா முகத்துக்குத்தான் வரும். பெல்ட் போடாம பீப் சத்தத்துக்கு கிளிப் வாங்கிக் குத்துறவங்களுக்கு என்ன சொல்றது, பெல்ட்டோட சேத்துத்தான் அந்தப் பையே செஞ்சிருக்கு.

அடுத்தது, அடிபட்ட வண்டியக் கொண்டு வந்து உடனே தட்டி நிமித்தச் சொல்றது. பொலிசும் மோட்டார் வாகனப் பரிசோதகரும் இன்சூரன்ஸ் ஆளும் பாக்கும் வரைக்கும் நாங்க கை வைக்கமாட்டம், வண்டிட கம்ப்யூட்டர்ல விழுந்த பிழைக் கோடும் (code) அழிக்கமாட்டம். உடைஞ்ச பல்பக் கூட எறியாதீங்க. எரிஞ்சிட்டு இருக்கக்குள்ள அடிபட்டா உள்ளுக்க இருக்கிற கம்பி சூட்டில இழுபட்டு வளைஞ்சிருக்கும், நூந்திருந்தா நேரா முறிஞ்சிருக்கும், "லைட் போட்டுத்தான் வந்தன்" எண்டு நீங்க சொல்றதுக்கு அதுவே சாட்சி. பெல்ட்டில இருக்கிற உரசல் அடையாளமும் அப்பிடித்தான், பெல்ட் போட்டிருந்ததுக்கு அது சாட்சி. நிறையப் புதுக் கார்ல எயார் பேக் பெட்டியே கடைசி அஞ்சு செக்கன் அளவுக்கு வேகம், பிரேக், பெல்ட் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கும். பயப்படாதீங்க, அது நீங்க கதைச்சதைப் பதியிறதில்ல. வோல்வோ கம்பனி 1970ல இருந்தே அடிபட்ட வண்டியளத் தேடிப் போய்ப் பாத்து ஆராயிறாங்க, ஐரோப்பாவில 2024 யூலையில இருந்து விக்கிற புதுக் கார் எல்லாத்திலயும் இந்தக் கடைசி செக்கன் பதிவு கட்டாயம்.

முன் கண்ணாடி மாத்தினா கண்ணாடிக்குப் பின்னால இருந்து றோட்டப் பாத்து தானா பிரேக் அடிக்க வைக்கிற கமெராவ திரும்ப செட் பண்ணணும். காசு கூடத்தான், ஆனா கொஞ்சம் சரிஞ்சிருந்தாலும் அது றோட்டப் பிழையாப் பாக்கும். ஒழுங்கா இருந்தாலும் கல்முனை றோட்டில ராவைக்குப் படுத்துக் கிடக்கிற கட்டாக்காலி மாட்டுக்கு அது பிரேக் அடிக்கும் எண்டு நம்பி ஓடாதீங்க. நாப்பதுல வந்து நிப்பாட்டுறதுக்கும் எம்பதுல வந்து நிப்பாட்டுறதுக்கும் பிரேக் பிடிச்ச பிறகு வண்டி போற தூரம் நாலு மடங்கு வித்தியாசம், எந்த கமெரா பூட்டினாலும் அது மாறாது.

அறுவடை தொடங்கினா உழவு மெசின் பெட்டியெல்லாம் பின் லைட் இல்லாம வரும். பெட்டி வச்சிருக்கிறவங்க வாங்க, மின்னுற ஸ்டிக்கர் சும்மாவே ஒட்டித் தாறம், பெட்டியக் கழுவிட்டு மட்டும் கொண்டு வாங்க, சேத்தில அது ஒட்டாது.

இப்படிக்கு,
கராஜ் ஆக்கள்