பைந்த்ரா படியட்டும், பிறகு சோட்டி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அமிர்தசரஸ் மாற்றல் உனக்குப் பிடித்துப்போனதில் மகிழ்ச்சி. பக்கத்து குருத்வாராவில் சீக்கியர்களின் போர்க்கலையான கட்கா சொல்லித்தருகிறார்கள், சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் சேர். ஆனால் சிலம்பம் ஆடிய கை என்பதற்காக முதல் வாரமே சோட்டி என்கிற பயிற்சிக் கம்பைக் கேட்டு உஸ்தாதை, அதாவது ஆசானை, நெருக்காதே.

பைந்த்ரா என்கிற காலடி முறைதான் எல்லாம். தரையில் ஒரு சதுரம் இருப்பதாக வைத்துக்கொள். பாதங்கள் அதன் மூலைகளை மாற்றி மாற்றித் தொட்டு நகரும். நாலு அடியில் ஒரு சுற்று. முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், எடை முன்பாதத்தில் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் குனிந்து காலைப் பார்ப்பார்கள். தலை கவிழ்ந்ததுமே இடுப்பு பின்னுக்குப் போகும், எடை குதிகாலில் விழும், அடுத்த அடி பிந்திவிடும். துள்ளவும் கூடாது, இரண்டு காலும் தரையை விட்டுவிட்டால் திசை மாற்ற வழியில்லை.

சோட்டி சுமார் 3 அடி நீளம், விரல் பருமன். மூங்கில் அல்லது பிரம்பு. இடது கையில் ஃபரி, கிட்டத்தட்ட 9 அங்குல வட்டக் கேடயம். இரண்டு கையாலும் கம்பு பிடித்தே பழகிய உனக்கு இந்த இடது கைதான் தொல்லை கொடுக்கும். ஃபரியை மார்போடு ஒட்டி வைக்கத் தோன்றும். வேண்டாம், முன்னால் நீட்டிப் பிடி. சின்னக் கேடயம் எதிராளியை நெருங்க நெருங்கத்தான் அதிக இடத்தை மறைக்கும். சோட்டியை நெரித்துப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொண்டு வீச்சு முழுக்கத் தோளிலிருந்து வரும்; மறுநாள் கை தூக்க முடியாது. தினமும் தொடங்குமுன் சோட்டியை விரலால் தடவிப் பார். கீறல் விட்ட மூங்கில் மோதும்போது சிம்பு கண்ணுக்குப் பாயும்.

மனசுக்கு என்ன பயன் என்றும் கேட்டிருந்தாய். சீக்கியர்களின் ஆறாம் குரு ஹர்கோபிந்த் 1606இல் மீரி, பீரி என்று இரண்டு வாள் தரித்தார். ஒன்று உலக அதிகாரத்துக்கு, மற்றது ஆன்மிகத்துக்கு. அவர் எழுப்பிய அகால் தக்த் என்ற சீக்கிய அதிகார பீடம் உன் ஊரிலேயே இருக்கிறது. அதனால்தான் அகாடாவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், செருப்பைக் கழற்றி, தலையை மூடி, ஆயுதங்களை வணங்கி, அர்தாஸ் என்ற பிரார்த்தனையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறார்கள். இதைச் சடங்கு என்று தாண்டிப் போகாதே. பைந்த்ரா போடும்போது ஓர் அடிக்கு ‘வாஹே’, அடுத்ததற்கு ‘குரு’ என்று, சீக்கியர்கள் இறைவனை அழைக்கும் நாமத்தை மெல்ல உச்சரித்துப் பார். மூச்சை அடக்கிக்கொண்டு வேகம் காட்டினால் நாமம் வராது. நாமம் தடைபட்டால் வேகம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், உடனே குறைத்துக்கொள். உடம்பும் மனசும் அந்த இடத்தில் ஒன்றாகப் பிடிபடும்; இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

நகர் கீர்த்தன் ஊர்வலத்தில் நெருப்பு வளையம், சக்கர் என்ற கயிற்றுச் சக்கரத்தைச் சுழற்றுவது எல்லாம் கண்ணைப் பறிக்கும். அவற்றுக்கும் அடிப்படை இதே கால்தான். பைந்த்ரா படியாதவன் சக்கர் எடுத்தால் அதன் நுனியில் தொங்கும் குண்டுகள் அவன் முழங்காலையே பதம் பார்க்கும்.

ஹோலிக்கு மறுநாள் ஆனந்த்பூர் சாஹிபில் ஹோலா மொஹல்லா என்ற சீக்கியத் திருவிழா. சீக்கியப் போர்வீரப் பிரிவினரான நிஹாங்குகளின் ஆட்டத்தை அங்கே அவசியம் பார். கூட்டம் நெரியும் என்பதால் விடியற்காலையே இடம் பிடித்துவிடு. வாள்மேல் போகும் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கிக் காலைக் கவனி.

அகாடாவுக்கு அகாடா முறை மாறும். உன் உஸ்தாத் முதல் அடியை எந்தக் காலில் எடுக்கச் சொல்கிறார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
சண்முகம்